தெரியவில்லை

நான் சொன்னது ஒரே வார்த்தைதான்.
இரவு பதினொன்றே கால்.
தபால் நிலையக் கூரை மேல்
ஒரு கையில் தகரத்தின் விளிம்பு,
மறு கையில் செல்பேசி,
பேட்டரி நான்கு சதவீதம்.

பாலம் எப்படி இருக்கிறது, செஃபனியாஸ்?
மபூட்டோவிலிருந்து கேட்டார்கள்.
காய்ந்த குரல்.
பின்னால் யாரோ கோப்பையில் கரண்டி சுழற்றும் ஓசை.
அல்லது அந்த ஓசையை
நான்தான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

தெரியவில்லை என்றேன்.

மழை, இருட்டு.
நீட்டிய கையே தெரியாதபோது
ஆறு தாண்டி நிற்கும் பாலம்
எப்படித் தெரியும்?

நள்ளிரவுச் செய்தியில் அது
பாலத்தைக் காணவில்லை என்றானது.
ஒரு மணிக்கு, பாலம் இல்லை.
விடிகாலை ஐந்துக்கு
முழு வாக்கியமாக வளர்ந்துவிட்டது:
பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றதாக
எங்கள் செய்தியாளர் செஃபனியாஸ் மசுவாங்கே
நேரில் கண்டு தெரிவிக்கிறார்.

அந்த இரவு முழுக்க நான் நேரில் கண்டவை
கூரைத் தகரத்தின் மூன்று ஆணிகள்.

விடிந்த பிறகும்
பாலம் இருந்த திசையில் வெறும் வெள்ளை.
செய்தியே சொல்கிறதே,
போய்த்தான் இருக்கும் என்று
நானும் நம்பினேன்.
செல்பேசி செத்துவிட்டது, அது உண்மை.
காவல் நிலையத்தில் வயர்லெஸ் இருந்தது,
அதுவும் உண்மை.
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்:
என் முழுப்பெயர் தேசியச் செய்தியில் வந்தது
அதுவே முதல் முறை.

பதினேழு லாரிகள் கிளம்பியிருந்தன.
சோள மாவு, தார்ப்பாய்,
தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை.
பாதி வழியில் வானொலி கேட்டுத்
திரும்பிவிட்டார்கள்.
இல்லாத பாலத்துக்கு டீசல் எரிப்பானேன்
என்றான் ஒர்லாந்தோ, முதல் லாரிக்காரன்.
அவனைக் குறை சொல்ல
எனக்கு வாய் ஏது?

பாலம் இருந்தது.
நீர்யானை போல
முதுகை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு
அசையாமல் நின்றிருந்தது.
அந்த முதுகில் இருநூற்றுப் பதினோரு பேர்,
ஆடுகள், ஒரு தையல் மெஷின்,
யாருடையதென்று யாருக்கும் தெரியாத
பச்சைக் கதவு ஒன்று.
கைப்பிடிக் கம்பியில் கபுலானாத் துணி கட்டி மறைத்து
நர்ஸ் கிராசிண்டா
ஒரு பிரசவமும் பார்த்துவிட்டாள்.

ரேடியோவும் இருந்தது அவர்களிடம்.
முதல் நாள் சிரித்தார்களாம்.
கேட்டாயா, நீ இல்லையாம் என்று
ஒருவன் பாலத்தைக் காலால் தட்டினானாம்.
இரண்டாம் நாளும் அதே செய்தி.
இருவர் மேற்கே நடந்தார்கள்,
நாற்பது கிலோமீட்டர் காலி ரோடு.
சோதனைச் சாவடியில் சொன்னார்களாம்:
நீங்கள் வந்ததாகச் சொல்லும் பாலம்
போய் இரண்டு நாள் ஆகிறது.

நான்காம் நாள்
ஆற்று நீர் குடித்த டொமே.
ஏழு வயது.
அந்தப் பச்சைக் கதவில் வைத்துத்தான்
தூக்கிப் போனார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு தோணியில் அங்கே போனேன்.
வணக்கம் என்றதுமே கிராசிண்டா நிமிர்ந்தாள்.
வாரா வாரம் சோள விலை சொல்லும் குரல்,
முகம் பார்க்க வேண்டியதில்லை.

நேரில் கண்டவன் நீதானா?

நான் அப்படிச் சொல்லவில்லை,
தெரியவில்லை என்றுதான்…

சரி, இப்போது தெரிகிறதா?

கோபம்கூட இல்லை அதில்.
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்,
பதிலுக்கு நிற்காமல்
குழந்தைக்காரி பக்கம் போய்விட்டாள்.
என் காலடியில் சிமெண்ட்
வெயிலில் சுட்டது.

ஏழாம் நாள் திருத்தம் வந்தது.
கால்பந்து முடிவு சொல்லி முடித்த கையோடு
பதினோரு விநாடி:
பாலம் பயன்பாட்டில் உள்ளது.
அதில் என் பெயர் இல்லை.

இப்போதும் சோள விலை சொல்கிறேன்.
எட்டு மணிக்குச் செய்தி என்றால்
ஆறுக்கே சந்தைக்குப் போய்விடுகிறேன்.
விலை கேட்ட பிறகும்
ஒரு மூட்டையின் கட்டவிழ்த்து
உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன்.
கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.